வெட்டியும் ஒட்டியும்: ‘வீ ஆர் ஒன்லி இன் இட் ஃபார் த மனி’ ஆல்பத்தைக் கேட்கத் தொடங்குவோருக்கு

மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் என்ற அமெரிக்க ராக் குழு 1968 மார்ச்சில் வெளியிட்ட இந்த ஆல்பத்தை முதன்முறை போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது. அல்லது, இவர்களுக்கு ஒரு பாட்டை ஒழுங்காக முடிக்கத் தெரியவில்லை. மெட்டு பிடிபடும் நேரத்தில் அறுந்துபோகிறது. யாரோ காதருகே கிசுகிசுக்கிறார். ஃபோன் பேச்சு குறுக்கே வருகிறது. பாடுகிறவரின் குரல் திடீரென எலிக்குரலாகிறது. ஏறத்தாழ 39 நிமிடத்துக்குள் இருபது துண்டுகள் அளவுக்கு ஓடி முடிந்துவிடுகின்றன.

அத்தனையும் டேப்பை வெட்டி ஒட்டித் திட்டமிட்டுச் செய்தது. இந்த ஆல்பத்தின் கேலியில் பாதிதான் பாடல் வரிகளில் இருக்கிறது. மீதிப் பாதி, ஒரு துண்டு அறுந்து அடுத்தது தொடங்கும் அந்த வெட்டில் இருக்கிறது. வரிகளை மட்டும் படித்துவிட்டு ‘ஹிப்பிகளைக் கிண்டல் செய்யும் ஆல்பம்’ என்று முடித்துக்கொள்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

குழுவைப் பற்றிக் கொஞ்சம். கலிஃபோர்னியாவின் பொமோனாவில் மதுக்கூடங்களில் வாசித்துவந்த சோல் ஜயன்ட்ஸ் என்ற குழுவில் கிதார் வாசிக்கச் சேர்ந்தவர் ஃப்ராங்க் ஸாப்பா (1940–1993). பிறர் பாட்டை வாசித்தது போதும், நம் பாட்டை வாசிப்போம் என்று அவர் சொன்னதிலிருந்து அது வேறு குழுவாகிவிட்டது. 1965இல் பெயரும் மாறியது. தயாரிப்பாளர் டாம் வில்சன் அவர்களை எம்.ஜி.எம். கம்பெனியின் வெர்வ் லேபிளுக்குக் கொண்டுவந்தார். 1966இல் வந்த முதல் ஆல்பம் ‘ஃப்ரீக் அவுட்’, அறிமுகக் குழுவுக்கு யாரும் தராத வாய்ப்பாக, இரட்டை எல்பி. 1967இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் உள்ள கேரிக் தியேட்டரில் மாதக்கணக்கில் மேடையேறினார்கள். அந்த மாதங்களில் ஸ்டுடியோவில் உருவானதுதான் நாம் பேசும் ஆல்பம். தலைப்பின் பொருள்: ‘நாங்கள் இதில் இருப்பதே காசுக்காகத்தான்.’

அந்தக் கோடையில் தலையில் பூ வைத்துக்கொண்டு இளைஞர்கள் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வியட்நாம் போரை எதிர்த்தவர்களும் அதில் இருந்தார்கள், மணிமாலை வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ரெக்கார்டு கம்பெனிகள் இருவருக்கும் ஒரே சரக்கை விற்றன. எதிர்ப்பண்பாட்டுக் குழுக்கள் பலவும் அரசையும் போலீஸையும் பெற்றோரையும் சாடியதோடு நின்றுகொண்டன. ஸாப்பா அவர்களைச் சாடிவிட்டு, திரும்பி நின்று தன் ஆல்பத்தை வாங்கப்போகும் ஹிப்பியையும் சாடினார். போதைப்பொருளைத் தவிர்த்தவர் அவர். தலைப்பின்படி பார்த்தால், தன் குழுவையும் அவர் விட்டுவைக்கவில்லை.

வெட்டி ஒட்டும் முறை ஸாப்பா கண்டுபிடித்ததல்ல. பாரிஸ் வானொலியில் பியர் ஷெஃபர் 1948இல் ரயில் சத்தம், பாத்திரச் சத்தம் போன்ற பதிவுசெய்த ஒலிகளையே இசையின் கச்சாப்பொருளாக்கினார். எட்கார் வரேஸ் தாளவாத்தியங்களையும் சைரனையும் கொண்டு ‘ஐயனைசேஷன்’ எழுதினார். ஸாப்பாவின் பதின்பருவ நாயகன் இந்த வரேஸ்தான். பதினைந்தாவது பிறந்தநாள் பரிசாக, வரேஸின் வீட்டுக்கு ஒரு வெளியூர் ஃபோன் கால் போட அம்மாவிடம் அனுமதி வாங்கினார். பிறகு 1964இல் கூகமோங்கா என்ற சிற்றூரில் பால் பஃப் நடத்திவந்த ஸ்டுடியோவைத் தானே எடுத்துக்கொண்டார். அங்கே பஃப் சொந்தமாகக் கட்டிய ஐந்து தட டேப் ரெக்கார்டர் இருந்தது, அதாவது ஒரே டேப்பில் ஐந்து ஒலிகளைத் தனித்தனியே பதியலாம். பெரும்பாலான ஸ்டுடியோக்கள் அதைவிடக் குறைந்த தடங்களோடு வேலைபார்த்த காலம் அது. ஒரு குரல் மேல் இன்னொரு குரலை அடுக்குவதும், டேப்பின் வேகத்தை மாற்றிப் பதிவதும் அங்கே அவருக்குக் கைப்பழக்கமாயின. பாரிஸ் ஆய்வுக்கூடத்து உத்தியையும் பொமோனா மதுக்கூடத்துப் பாட்டையும் ஒரே ரீலில் கொண்டுவந்ததுதான் அவர் செய்த புதுமை.

இனி, வெட்டு. அக்கால ஸ்டுடியோக்களில், எல்லாத் தடங்களையும் கலந்த இறுதி மிக்ஸ் கால் அங்குல அகல டேப்பில் விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடுவது வழக்கம். அப்படியானால் ஒரு விநாடி இசை என்பது கையில் பிடிக்கக்கூடிய 15 அங்குல நாடா. நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஒரு பீட்டின் நீளம் ஏழரை அங்குலம். இசையை அளவுகோல் வைத்து அளக்க முடிந்த காலம் அது. எடிட்டர் இரண்டு ரீல்களையும் கையால் முன்னும் பின்னும் மெதுவாக உருட்டுவார். டிரம் அடி விழும் இடம், டேப்பின் ஒலியைப் படிக்கும் ஹெட்டைக் கடக்கும்போது ஒரு தடித்த முனகல் கேட்கும். அந்தப் புள்ளியில் டேப்பின் பின்பக்கம் மெழுகு பென்சிலால் கோடு போடுவார். டேப்பை எடுத்து, நடுவே பள்ளம் உள்ள ஓர் உலோகக் கட்டையில் படுக்கவைத்து, அதிலுள்ள சாய்ந்த கீறல் வழியாக சவரபிளேடை ஒரே இழுப்பில் இழுப்பார். அடுத்த துண்டின் முனையையும் அப்படியே வெட்டி, இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளும்படி வைப்பார். இடைவெளியும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. பின்பக்கம் ஒட்டுநாடாவை வைத்து நகத்தால் அழுத்தித் தேய்த்தால் வேலை முடிந்தது.

சாய்வாக வெட்டுவதற்குக் காரணம் உண்டு. டேப்பை நேர்க்கோட்டில் குறுக்கே வெட்டினால் ஒலி சட்டென்று மாறி ‘டிக்’ என்று கேட்கும். 45 பாகைச் சாய்வில் வெட்டினால், கால் அங்குல அகல டேப்பில் வெட்டு நீளவாக்கிலும் கால் அங்குலத்துக்குப் பரவும். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் அது அறுபதில் ஒரு பங்கு விநாடி, அதாவது சுமார் 17 மில்லி விநாடி. அந்த நேரத்தில் பழைய ஒலி தேய, புதியது வளரும். வெட்டு இருப்பதே காதுக்குத் தெரியாது.

கெட்டுப்போகும் இடங்களும் சில உண்டு. பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் வெட்டும்போதே டேப்பில் ஒரு சொடுக்கொலி பதிந்துவிடும், அதனால் பிளேடின் காந்தத்தை நீக்கிவிட்டுத்தான் தொடுவார்கள். வீட்டு செலோடேப்பால் ஒட்டினால் சில நாளில் பசை கசிந்து ரீலின் அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று விற்கும் ஒட்டுநாடா கால் அங்குலத்தைவிடச் சற்றே ஒடுக்கமாக இருப்பதும் இதனால்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை எதிரொலி. பாடகர் நிறுத்திய பின்னும் அறையில் ஒலி ஒன்றிரண்டு விநாடி தங்கும், அந்த வாலை நடுவில் நறுக்கினால் வெட்டு அப்பட்டமாகத் தெரியும். கைதேர்ந்த எடிட்டர்கள் புதிய துண்டின் பலமான அடிக்குச் சற்று முன்னால் வெட்டுவார்கள். அடியின் சத்தம் வாலின் இழப்பை மறைத்துவிடும்.

ஸாப்பா இந்த விதிகள் அனைத்தையும் அறிந்தவர். அறிந்தேதான் பாதி இடங்களில் மீறினார். தெரியக்கூடாத வெட்டு தெரியவில்லை, தெரிய வேண்டிய வெட்டு அறைந்தாற்போல் தெரிகிறது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆல்பத்தைக் கேட்கும் பயிற்சி.

கணினியில் செய்து பார்ப்பது எளிது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், ஒரே வேகத்திலுள்ள இரண்டு பாட்டுத் துண்டுகளை ஒட்டி, இடையில் 17 மில்லி விநாடிக்குக் குறுக்கு மங்கல் (கிராஸ்ஃபேட்) கொடுங்கள். விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற வீதத்தில் அது சுமார் 800 மாதிரிகள். பிறகு அதே இடத்தில் மங்கலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். அடுத்து ஒரு துண்டை 17 மில்லி விநாடி தள்ளிவையுங்கள். பீட் தடுக்குவது தெரியும். டேப்பில் அது கால் அங்குலப் பிழை.

அடுத்த கருவி வேகம். அன்றைய டேப் இயந்திரங்களின் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டே சுழலும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். மோட்டாருக்குச் சுவர் மின்சாரத்தைக் கொடுக்காமல், வேறு அதிர்வெண்ணில் மின்சாரம் உண்டாக்கித் தரும் ஒரு கருவியை இணைத்தால் டேப்பின் வேகம் கைக்குள் வந்துவிடும். 50 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வைத்துப் பாடலைப் பதிந்து 60இல் ஓட்டினால், சுருதி மூன்று அரைச்சுரம் ஏறும். (நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த வகை அமெரிக்க இயந்திரத்தை மாற்றமின்றி இங்கே ஓட்டினால் எல்லாப் பாட்டும் ஏறத்தாழ அதே மூன்று அரைச்சுரம் இறங்கிக் கேட்கும்.) சுருதி மட்டும் ஏறுவதில்லை. பாடகரின் தொண்டையும் வாயும் சுருங்கிவிட்டதுபோல் குரலின் தன்மையே மாறும், நடுக்கம் வேகமாகும், ஒவ்வொரு சொல்லின் தொடக்கமும் கூர்மையாகும். பெரியவர்கள் பொம்மைகளாகிவிடுவார்கள். ஆல்பத்தில் பல இடங்களில் குரல்கள் இப்படி மாற்றப்பட்டிருக்கின்றன. தங்களைப் பெரிதாக நினைத்துக்கொண்டு பேசுகிறவர்களைச் சிறிதாக்க இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழியில்லை.

பதிவு நியூயார்க்கின் மேஃபேர், அப்போஸ்டாலிக் ஆகிய ஸ்டுடியோக்களில் நடந்தது. அப்போஸ்டாலிக்கில் 12 தட இயந்திரம் ஒன்று இருந்தது, அது அன்று அரிய பொருள். மேஃபேரின் சவுண்ட் இன்ஜினியர் கேரி கெல்கிரன் கன்ட்ரோல் அறையில் கிசுகிசுப்பதையே ஸாப்பா பதிவுசெய்து ஆல்பத்தின் நெடுகத் தூவினார். உலகிலுள்ள எல்லா டேப்பையும் ஒருநாள் அழிக்கப்போவதாக முதல் துண்டிலேயே கெல்கிரன் சொல்கிறார். டேப்பால் ஆன ஓர் ஆல்பம், டேப் அழியும் பயத்தோடு தொடங்குகிறது. அதே துண்டில் எரிக் கிளாப்டனின் பேச்சுக்குரலும் உண்டு. கிதார் வாசிக்க அல்ல, பேச மட்டும் அழைத்திருந்தார்கள்.

இப்போது கேட்கத் தொடங்கலாம். ஹெட்ஃபோன் அவசியம், ஷஃபிளை அணைத்துவிடுங்கள், பாடல்களுக்கு நடுவே இடைவெளி விடாத பிளேயரைப் பயன்படுத்துங்கள். இடைவெளி நுழைந்தால் வெட்டுகள் செத்துவிடும்.

எல்பியின் முதல் பக்கத்தில் ‘மாம் அண்ட் டேட்’ வரும்வரை பொறுங்கள். மெதுவான, நேர்மையான, கேலியே இல்லாத பாட்டு அது. போலீஸ் சுட்டுப் பிள்ளைகள் சாகிறார்கள், பெற்றோர் வீட்டில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்ததும் ஒரு ஃபோன் உரையாடல். உடனே ‘போ டை டேடி’ என்ற அரை நிமிடப் பாட்டு, அப்பாவைக் கொஞ்சிப் பாடும் பழங்காலக் கேளிக்கை மெட்டில். தனியாகக் கேட்டால் அது வெறும் துணுக்கு. முன்னால் கேட்ட சாவுக்குப் பிறகு கேட்டால் அந்த உற்சாகத்தைத் தாங்க முடியாது. இரண்டு பாட்டிலும் எழுதப்படாத ஒரு குற்றச்சாட்டு இரண்டுக்கும் நடுவே உருவாகிறது. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பெரிய இடம் இதுதான்.

அடுத்து ‘வாட்ஸ் த அக்ளியஸ்ட் பார்ட் ஆஃப் யுவர் பாடி’. 1950களின் தெருமுனைக் காதல் பாட்டு பாணியில், உன் உடம்பில் எது மிக அசிங்கம் என்று கேட்டு, மனம்தான் என்று பதிலும் சொல்கிறது. அந்த இனிமை முடிவதற்குள் தாளமும் வேகமும் மாறிக் கண்டிப்பான இன்னொரு பகுதி வந்து விழுகிறது. ஸாப்பா இந்தப் பாணியை வெறுத்ததால் கிண்டல் செய்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதை உயிராக நேசித்தவர் அவர், அதே ஆண்டில் முழுக்க அந்தப் பாணியிலேயே ‘க்ரூசிங் வித் ரூபன் அண்ட் த ஜெட்ஸ்’ என்று ஓர் ஆல்பமும் செய்தார்.

‘ஃப்ளவர் பங்க்’, அன்று எல்லாக் குழுக்களும் வாசித்த ‘ஹே ஜோ’ பாட்டின் பகடி. கொலைகாரன் ஜோ துப்பாக்கியோடு போகும் இடத்தில், பூவோடு சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகிறான் ஒரு பையன். தாளம் ஐந்தும் ஏழுமாக மாறி மாறி நடக்கிறது. கண்டமும் மிச்ரமும் பழகியவர்கள் விரலில் எண்ணிப் பார்க்கலாம், மேற்கத்திய ராக் கேட்டே வளர்ந்தவர்களுக்குத்தான் இதில் கால் இடறும். கடைசியில் இடக்காதிலும் வலக்காதிலும் இரு வேறு பேச்சுகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒரு பக்க ஹெட்ஃபோனைக் கழற்றி ஒன்றைக் கேட்டு, மறுபடி ஓட்டி மற்றதைக் கேளுங்கள்.

முதல் பக்கத்தின் கடைசித் துண்டான ‘ஹாட் பூப்’ சில விநாடிகளே. அதிலுள்ள புரியாத முனகல், பின்னோக்கி ஓட்டிய டேப். கம்பெனி வெளியிட மறுத்த ஒரு பாட்டுச் சரணம் அங்கே தலைகீழாக ஒளிந்திருக்கிறது. மென்பொருளில் திருப்பி ஓட்டினால் கேட்கலாம், கெட்ட வார்த்தை உண்டு. அந்தச் சரணம் இருக்க வேண்டிய இடம் இரண்டாம் பக்கத்து ‘மதர் பீப்புள்’. அங்கே பாட்டின் நடுவில் ஊசி தட்டைக் கீறும் சத்தமும், சம்பந்தமில்லாத ஆர்கெஸ்ட்ரா இசைத் துண்டும் வருகின்றன. கம்பெனியின் கத்தி விழுந்த தழும்பை மறைக்காமல் காட்டியிருக்கிறார்.

எல்லா வெட்டும் அவர் கையில் இருக்கவில்லை. ‘லெட்ஸ் மேக் த வாட்டர் டர்ன் பிளாக்’ பாட்டில், உணவகத்தில் பரிமாறும் ஓர் அம்மாவின் ஏப்ரனையும் ஆர்டர் எழுதும் பேடையும் பற்றிய அப்பாவியான வரி சில பதிப்புகளில் காணாமல் போனது. அந்தப் பேடை மாதவிடாய்ப் பட்டை என்று கம்பெனி மேலாளர் ஒருவர் புரிந்துகொண்டதே காரணம் என்று ஸாப்பா பின்னாளில் விளக்கினார். ஒட்டு கேட்காதபடி வெட்டும் அதே கைத்திறனை ஒரு தணிக்கையாளரும் பயன்படுத்த முடியும்.

கடைசியாக ‘த குரோம் பிளேட்டட் மெகாஃபோன் ஆஃப் டெஸ்டினி’, ஆறு நிமிடத்துக்கும் மேல். வரிகளே கிடையாது. பியானோ, வேகம் மாற்றிய சிரிப்பு, மின்னொலி. இதைக் கேட்குமுன் காஃப்காவின் தண்டனைத் தீவுக் கதையைப் படியுங்கள் என்று ஆல்பத்தின் குறிப்பே சொல்கிறது. கைதியின் உடம்பில் தீர்ப்பை ஊசியால் எழுதும் இயந்திரத்தைப் பற்றிய கதை அது. இங்கே பலர் தளர்ந்துவிடுவார்கள். மெட்டைத் தேடாமல், ஒரு சிரிப்பு எந்த வேகத்தில் சிரிப்பாக இருப்பதை நிறுத்துகிறது என்று கவனித்தால் பிடி கிடைக்கும். முடிவில் நீண்டு தேயும் ஒலி, பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பம் முடியும் பிரம்மாண்டமான பியானோ ஒலிக்கான மறுமொழியாகக் கேட்கிறது.

அட்டைப்படமும் அந்த பீட்டில்ஸ் அட்டையின் பகடிதான். வடிவமைத்தவர் கேல் ஷெங்கல், படமெடுத்தவர் ஜெர்ரி ஷாட்ஸ்பெர்க், கூட்டத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நேரில் வந்து நின்றார். வழக்குக்குப் பயந்த கம்பெனி பகடிப் படத்தை உள்ளே மடித்து, உள்படத்தை வெளியே வைத்தது. ஆனாலும் ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 30ஆம் இடம் வரை போனது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது.

எந்தப் பதிப்பை வாங்குவது என்பது இங்கே சின்னக் கேள்வி அல்ல. 1980களில் சிடிக்காக மறுபடி மிக்ஸ் செய்தபோது, பழைய டேப்புகள் கெட்டுவிட்டன என்று சொல்லி, டிரம்ஸையும் பேஸையும் ஸாப்பா புதிதாக வாசிக்கவைத்தார். வாசித்தவர்கள் சாட் வேக்கர்மன், ஆர்தர் பாரோ. திறமையான வாசிப்புதான், ஆனால் 1967இன் அறைக்குள் 1984இன் டிரம்ஸ் கேட்கிறது, வெட்டுகளின் மணமும் போய்விடுகிறது. முதல்முறை அதைக் கேட்க வேண்டாம். 1995க்குப் பிந்தைய சிடிகளில் மூல மிக்ஸ் திரும்பிவிட்டது. 2009இல் வந்த ‘லம்பி மனி’ மூன்று சிடித் தொகுப்பில் மோனோ (ஒற்றைத் தட ஒலி) மிக்ஸும் 1984 மிக்ஸும் இரண்டுமே உள்ளன, ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு அதுவே நல்லது.

இதை முடித்தவர்கள் நேராக ஸாப்பாவின் ‘லம்பி கிரேவி’ ஆல்பத்துக்குப் போகலாம், ஒன்றுக்கொன்று தொடர்ச்சி என்று இரண்டு அட்டைகளுமே கேள்வி வடிவில் சொல்கின்றன. அதிலுள்ள பேச்சுகள் பதிவான விதம் எளிமையானது. அப்போஸ்டாலிக்கின் கிராண்ட் பியானோவில் சஸ்டெயின் பெடல்மேல் மணல்மூட்டை வைத்து, மேலே கனமான துணியைப் போர்த்தி, ஆட்களைத் தலையை உள்ளே நுழைத்துப் பேசச் சொன்னார்கள். பெடல் அழுந்தியிருப்பதால் தந்திகள் தடையின்றி நிற்கும், பேசுகிறவரின் குரலில் எந்தச் சுரம் இருக்கிறதோ அந்தச் சுரத்துத் தந்தி தானாக அதிர்ந்து பதில் சொல்லும். பியானோ இருக்கும் வீட்டில் மூடியைத் திறந்து, பெடலை மிதித்தபடி உள்ளே ‘ஆ’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பிறகு ‘ஈ’ என்று அதே சுருதியில் சொல்லுங்கள். திரும்பி வருவது இரண்டு முறையும் வேறு வேறாக இருக்கும்.